டார்வினின் கோழிகள்

டார்வின் என்றதும் பலருக்குக் குரங்குதான் நினைவுக்கு வரும். அவரை நெருக்கமாக அறிய நம் கம்போங் கோழியே போதும் என்பேன் நான்.

சார்ல்ஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12ஆம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தை மகனையும் மருத்துவம் படிக்க வைத்தார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்து அறுவை சிகிச்சையைக் காணச் சகிக்காமல் மகன் படிப்பைக் கைவிட்டார். பாதிரியார் ஆகும் திட்டமும் நிறைவேறவில்லை. 22 வயதில் பீகிள் கப்பலில் ஏறி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றினார். அந்தக் கதை எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய டார்வின்.

1842ல் அப்போது லண்டனுக்கு வெளியே இருந்த டவுன் கிராமத்தில் குடியேறினார். பயணம் முடிந்தபின் அவர் கடல் கடந்து எங்கும் போகவில்லை. மாறாக, உலகத்தைத் தம் வீட்டுக்கு வரவழைத்தார். 1855ல் புறா வளர்க்கத் தொடங்கி, புறாப் பிரியர்களின் சங்கங்களில் சேர்ந்தார். இறந்த பறவைகளை வேகவைத்து எலும்புக்கூடு எடுத்தார். அந்த நாற்றத்தில் அவருக்கே குமட்டியதாம்!

பல நாடுகளில் இருந்தவர்களிடம் கோழி, புறா, வாத்துகளின் தோல்களை அனுப்பும்படி கடிதம் எழுதிக் கேட்டார். சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கும் மதராஸில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டும் அவர்களில் அடங்குவர். சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்த ஆல்ஃபிரட் வாலஸ், 1856ல் லொம்போக் தீவிலிருந்து டார்வினுக்காக ஒரு வீட்டு வாத்தை அனுப்பினார். அங்கு மக்கள் பழக்கி வளர்க்கும் காட்டுச் சேவலும் டார்வினுக்குத் தேவைப்படலாம், வீட்டுக் கோழியின் மூதாதைகளில் அதுவும் ஒன்று என்று குறிப்பும் எழுதினார்.

டார்வினின் கேள்வியும் அதுதான். காலில் இறகுள்ள கொச்சின், தலையில் கொண்டையிறகுள்ள போலிஷ், பஞ்சுபோன்ற சில்க்கி, கைக்கடக்கமான பேண்டம் எல்லாம் ஒரே காட்டுப் பறவையின் பிள்ளைகளா? அவர் தாமே கோழிகளைக் கலந்து பார்த்தார். கறுப்பு ஸ்பானியச் சேவலை வெள்ளை சில்க்கிப் பெட்டையோடு சேர்த்தபோது கரிக்கட்டை போன்ற கறுப்புக் குஞ்சுகள் பிறந்தன. வளர்ந்தபின் அவற்றில் ஒரு சேவல், காட்டுச் சேவலைப்போலவே சிவப்பும் ஆரஞ்சுமாகப் பளபளத்தது. தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத நிறம் எங்கோ ஒளிந்திருந்து வெளிப்பட்டது! சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக் கோழிகளின் மூலம் என்ற முடிவை 1868ல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார்.

அதே நூலில் இன்னொரு விஷயமும் உண்டு. அழகுக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனப்பெருக்கம் செய்யப்பட்ட செப்ரைட் பேண்டம் கோழிகள் மலட்டுத்தன்மைக்கு ஆளானதை அவர் பதிவு செய்தார். அது அவருக்கு வெறும் கோழி விவகாரமாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் மணந்தது சொந்த மாமன் மகள் எம்மாவை. பிறந்த பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்தனர். செல்ல மகள் ஆனி 1851ல் பத்து வயதில் இறந்ததை அவரால் மறக்கவே முடியவில்லை. உறவுத் திருமணம்தான் பிள்ளைகளைப் பலவீனமாக்கியதோ என்ற அச்சம் அவரை வாட்டியது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைப் பற்றிய கேள்வியைச் சேர்க்க முயன்றார். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ஆனி உறவுத் திருமணத்தால்தான் இறந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அஞ்சியதில் ஓர் உண்மை இருந்தது. மரபணு என்ற சொல்லே அப்போது கிடையாது. குறையுள்ள ஒரே மரபணுப் பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் வாய்ப்பு உறவுக்குள் கூடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம்.

டார்வின் 1882ல் மறைந்தார். கோழி விஷயத்தில் அவர் சொன்னது முழுவதும் சரியில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008ல் கண்டறிந்தனர். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, பண்ணைக் கோழி இனங்கள் தங்கள் முன்னோர்களிடம் இருந்த மரபணு வகைகளில் பாதிக்குமேல் இழந்துவிட்டன என்றது. நாட்டுக் கோழிகளைக் காப்பாற்றச் சொல்வது இதனால்தான். கழுத்தில் இறகில்லாத நாட்டுக் கோழியைப் பார்த்துச் சிரிக்கிறோம். வெயிலைத் தாங்க உதவும் மரபணு அதனிடம்தான் இருக்கிறது. புதிய நோய் ஒன்று வந்தால் அதைத் தாங்கும் மரபணு எந்தக் கோழியிடம் இருக்கும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

மூலப் பறவைக்கும் ஆபத்து வந்திருக்கிறது. சிங்கப்பூரில் காட்டுக்கோழியைப் புலாவ் உபினில் காணலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, அருங்காட்சியகங்களில் உள்ள பழைய காட்டுக்கோழிகளின் மரபணுக்களை இன்றைய காட்டுக்கோழிகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டு 2023ல் ஆய்வு வெளியிட்டது. கடந்த நூற்றாண்டில் வீட்டுக் கோழியின் மரபணுக்கள் காட்டுக்கோழிகளுக்குள் அதிகமாகக் கலந்துவிட்டன என்று அது காட்டியது. டார்வின் கடிதம் எழுதி வரவழைத்தது போன்ற பழைய தோல்களைத்தான், கலக்காத காட்டுக்கோழி எப்படி இருந்தது என்று அறிய இப்போது எடுத்துப் பார்க்கிறார்கள்.