ஆட்கொல்லிப் புலிகளும் கார்பெட்டின் துப்பாக்கிகளும்

1930 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ந்தேதி. இமயமலை அடிவாரத்தில் குமாவூன் காடு. ஒரு வெள்ளைக்காரர் வறண்ட ஓடையில் இறங்கி நடந்து கொண்டிருந்தார். அவருடைய வலது கையில் துப்பாக்கி. இடது கையில் இரண்டு முட்டைகள்!

பக்கி என்ற இரவுப் பறவையின் முட்டைகள் அவை. அபூர்வமாக இருந்ததால் வழியில் எடுத்து வைத்துக் கொண்டார். அவர் தேடி வந்ததோ 64 மனிதர்களைத் தின்ற பெண்புலி. ஒரு பெரிய பாறையைச் சுற்றி அவர் திரும்பினார். வலது தோளுக்குப் பின்னால் பார்வையை ஓட்டினார். எட்டு அடி தூரத்தில் அந்தப் புலி படுத்திருந்தது. அவர் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தது.

துப்பாக்கியின் வாய் எதிர்ப்பக்கம் நோக்கி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கலாம் என்றால் ஒரு கையில் முட்டை. வேகமாக அசைந்தால் புலி பாய்ந்து விடும். என்ன செய்வது?

அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் யார் என்று பார்ப்போம். அவர்தான் ஜிம் கார்பெட்.

தபால் நிலையத் தலைவர் மகன்

1875 ஆம் ஆண்டு ஜூலை 25 ந்தேதி நைனிடாலில் கார்பெட் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் தபால் நிலையத் தலைவர். வீடு நிறையப் பிள்ளைகள். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்து விட்டார். தாயார்தான் குடும்பத்தைக் கட்டிக் காத்தார். கோடையில் நைனிடாலிலும், குளிர் காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கியிலும் அந்தக் குடும்பம் வசித்தது. காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு.

சிறுவன் ஜிம்முக்கு முதலில் கிடைத்தது ரப்பர் கவண். பிறகு உண்டிவில். எட்டு வயது வாக்கில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. அதைத் துப்பாக்கி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்! இரண்டு குழல். அதில் வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டை உடைந்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் கிட்டித்து, பிறகு குண்டைப் போட வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடியும் சுடுவதற்குள் குருவி பறந்து போய் விடும்.

அந்தப் பழைய துப்பாக்கி அவருக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. மருந்தும் குண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. வீணாக்கக் கூடாது. ஒரே குண்டுதான் உண்டு என்று நினைத்துச் சுட வேண்டும். கடைசி வரையில் இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எந்த மிருகம் எப்படிக் கத்தும், எந்தச் சுவடு எப்போது பதிந்தது என்பதையெல்லாம் குன்வர் சிங் என்ற கிராமத்துக்காரர் சொல்லிக் கொடுத்தார். திருட்டு வேட்டையில் கெட்டிக்காரர் அவர்!

பத்து வயதில் பள்ளிக்கூட மாணவர் படையில் ஜிம் சேர்ந்தார். அங்கே 450 ரக மார்ட்டினி துப்பாக்கி. இந்த எண் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் 450 பங்கு அகலமுள்ள குழல் என்று பொருள். அதாவது, கிட்டத்தட்ட அரை அங்குலம். அதன் குண்டு 31 கிராம் எடை. சுட்டால் தோளில் கழுதை உதைத்தது போல் இருக்கும். பெரிய சிப்பாய்களே முகம் சுளிப்பார்கள். படையின் சார்ஜெண்டு மேஜர், பையனுடைய ஆர்வத்தைப் பார்த்து அந்தத் துப்பாக்கியை இரவலாகக் கொடுத்தார். துப்பாக்கியைச் சுத்தமாக வைக்க வேண்டும், சுட்ட பிறகு வெறும் தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கொண்டுதான் ஜிம் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான்.

படிப்பை முடித்ததும் ரயில்வேயில் வேலை. மாதம் 100 ரூபாய் சம்பளம். பிறகு பீகாரில் மொகாமா காட் என்ற இடத்தில், கங்கைக் கரையில், சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் எடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலை செய்தார். ஒரு சமயம் மூன்று மாதம் பணம் வரவில்லை. கூலியில்லாமலே ஆட்கள் அவருக்காகச் சுமந்தார்கள். லாபம் வந்த பிறகு பெரும் பங்கை அவர்களுக்கே கொடுத்தார். வேட்டைக்குப் போனது விடுமுறையில்தான்.

மூன்றே தோட்டாக்கள்

1907 ஆம் ஆண்டு. சம்பாவத் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பெண்புலி. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று விட்டுக் குமாவூனுக்குள் வந்தது. மொத்தம் 436 உயிர்களைக் குடித்தது. ஒரு கிராமத்தில் ஐந்து நாட்களாக ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. வயலில் கோதுமை அறுப்பாரில்லாமல் நின்றது.

கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்குச் சுடுபவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்று நினைத்தார்.

அப்போது அவரிடம் இருந்தது 500 ரகத் துப்பாக்கி. அது கரிமருந்துக் காலத்தில் செய்தது. கரிமருந்து வெடித்தால் முகத்துக்கு முன்னால் ஒரே புகை மண்டலமாகி விடும். புலி செத்ததா, பாய்கிறதா என்றே தெரியாது. 1889 ஆம் ஆண்டில் கார்டைட் என்ற புதிய மருந்து வந்தது. பார்ப்பதற்குச் சேவை போல நூல் நூலாக இருக்கும். புகை மிகக் குறைவு, வேகம் அதிகம். பழைய துப்பாக்கி அந்த வேகத்தைத் தாங்காது. ஆகவே அளவைக் குறைத்து அடைத்த தோட்டா செய்தார்கள். கார்பெட்டின் துப்பாக்கி அந்த ஜாதி.

தாசில்தார் ஊர் ஊராக ஆள் திரட்டினார். 298 பேர் வந்தார்கள். பறையும் தகரமும் கொட்டிக் காட்டைக் கலக்கினார்கள். கார்பெட் மூன்றே மூன்று தோட்டாக்கள் கொண்டு போயிருந்தார். இரண்டு முறை சுட வாய்ப்புக் கிடைத்தாலே பெரிது, மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு. புலி வந்தது. முதல் குண்டு தவறியது. அடுத்த இரண்டும் பட்டன. ஆனால் புலி விழவில்லை! பாறை மேல் நின்று உறுமியது. கையில் வெறும் துப்பாக்கி.

கார்பெட் ஓடினார். தாசில்தாரின் கையில் இருந்த துப்பாக்கியை வாங்கிக் கொண்டு மறுபடியும் புலியை நோக்கி ஓடினார். இருபது அடி தூரம். திறந்த வாயைப் பார்த்துச் சுட்டார். அந்தத் துப்பாக்கியின் குழல் சரியாக மூடாமல் இடைவெளி விட்டிருந்ததால் குண்டு வாயில் படவில்லை, காலில் பட்டது. நல்ல வேளை! முன்பே பட்ட குண்டுகளால் புலியின் உயிர் போய்க் கொண்டிருந்தது. அப்படியே சாய்ந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்போடு போயிருந்தது. எவனோ ஒருவன் என்றோ சுட்ட குண்டு செய்த வேலை! மானைப் பிடிக்க முடியாத அந்தப் புலி மனிதனைப் பிடிக்க ஆரம்பித்தது. சரியில்லாத துப்பாக்கியால் சுட்டானோ, சரியாகச் சுடத் தெரியாமல் சுட்டானோ, அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். 436 பேர் அதற்குக் கணக்குத் தீர்த்தார்கள்.

தமக்கையைப் புலி தூக்கிச் சென்றதைக் கண்டு பேச்சிழந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். புலித்தோலை அவளிடம் காட்டியபோது அவளுக்குப் பேச்சு திரும்பியது என்று கார்பெட் எழுதியிருக்கிறார்.

கவர்னர் கொடுத்த பரிசு

பரிசு வேண்டாம் என்றவருக்கு ஐக்கிய மாகாண லெப்டினெண்டு கவர்னர் ஹியூவெட் ஒரு துப்பாக்கியையே பரிசாகக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் 275 ரகம். கட்டையில் வெள்ளித் தகடு. 1907 இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காகக் கொடுத்தது என்று அதில் பொறித்திருந்தார்கள்.

இது ஜெர்மனியில் மாசர் கம்பெனி 1890களில் உண்டாக்கிய தோட்டா. ஏழு மில்லி மீட்டர் குண்டு, 57 மில்லி மீட்டர் நீளக் கூடு. குண்டின் எடை ஒன்பது கிராம். மார்ட்டினி குண்டில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை! ஆனால் நொடிக்கு 2,500 அடிக்கு மேல் பாயும். நேராகப் போகும், தோளை உதைக்காது. துப்பாக்கியும் இலேசு. மலை ஏறி இறங்குகிறவருக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பாலானவற்றை இதே சிறு தோட்டாவால்தான்! யானையின் மண்டையோட்டைப் பிளந்து பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். நசுங்காத முழு உறை போட்ட குண்டைப் பயன்படுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சின்னத் துப்பாக்கியோடு யானைக்கு முன்னால் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புலிக்கு வேறு குண்டு. நுனியில் ஈயம் வெளியே தெரியும். உள்ளே போனதும் விரிந்து கொள்ளும்.

கிட்டத்தில் நிற்கும் கோபக்காரப் புலிக்குக் கார்பெட் வேறொரு துப்பாக்கி வைத்திருந்தார். ஜெஃப்ரி கம்பெனியின் இரட்டைக் குழல். 450 ரகக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி 400 ரகக் குண்டை அடைத்த தோட்டா. குண்டு 26 கிராம். ஏன் இந்தச் சுருக்கல் என்றால், இந்தியாவில் இதற்கு ஒரு மவுசு உண்டு. 450 ரகத் தோட்டாவைக் கலகக்காரர்கள் பழைய மார்ட்டினி துப்பாக்கிகளில் பயன்படுத்தி விடுவார்கள் என்று பயந்து, 1907ஐ ஒட்டி அந்த ரகத்தையே இங்கே தடை செய்தார்கள். வேட்டைக்காரர்கள் 400க்கும் 470க்கும் மாறினார்கள்.

நம் சேலம், தர்மபுரி மலைகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் அமெரிக்க வின்செஸ்டர் 405 ரகத்தை நம்பினார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909 இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப் போனதும் அதே ரகம்தான்.

ஒரு கையால் ஒரு குண்டு

இப்போது அந்த ஓடைக்கு வருவோம். எட்டு அடியில் புலி. இடது கையில் முட்டை.

கார்பெட் முட்டைகளைக் கீழே போடவில்லை. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெதுவாக, மிக மெதுவாக, முக்கால் வட்டம் சுழற்றினார். புலி அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கை வலித்தது. ஒரு யுகம் போல் இருந்தது. குழல் புலியின் உடலுக்கு நேராக வந்ததும் விசையை அழுத்தினார். புலி அசையவே இல்லை. முன்னங்கால்களின் மேல் தலை சாய்ந்தது.

கையில் இருந்தது கவர்னர் கொடுத்த 275. அந்த இரட்டைக் குழலாக இருந்திருந்தால் ஒரு கையால் சுழற்றியிருக்க முடியுமா? சந்தேகம்தான். புலியின் பற்கள் தேய்ந்திருந்தன, நகங்கள் உடைந்திருந்தன. கார்பெட் முட்டைகளைக் கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்தார். அரை மணி நேரத்தில் தாய்ப்பறவை வந்து அடைகாக்க உட்கார்ந்தது.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரிகர்களை எட்டு வருடம் நடுங்க வைத்தது ருத்திரப்பிரயாகை சிறுத்தை. 125 பேரைக் கொன்றது. 1926 மே மாதத் தொடக்கத்தில், ஓர் இரவு, மாமரத்தில் உட்கார்ந்திருந்தார் கார்பெட். கீழே கட்டிய ஆட்டின் கழுத்து மணி ஒலித்தது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கைப் போட்டார். சுட்டார். விளக்கு அணைந்து விட்டது! பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும் வரை இருட்டில் காத்திருந்தார். விடிந்ததும் பார்த்தால், கிழட்டுச் சிறுத்தை செத்துக் கிடந்தது.

1929 இல் வேட்டையின்போது, ஒருவர் சுட்ட பெரிய துப்பாக்கி அவர் காதுக்கு அருகில் வெடித்தது. செவிப்பறை கெட்டது. சீழ் கோத்துத் தலை வீங்கியது. அந்த வேதனையோடே தல்லா தேசத்து ஆட்கொல்லியைத் தேடிப் போனார். மரத்தின் மேல் இருந்தபோது கட்டி உடைந்தது.

கடைசி ஆட்கொல்லி தாக் கிராமத்துப் பெண்புலி. 1938 நவம்பர் 30, சூரியன் மறையும் நேரம். ஆண்புலி போல் குரல் கொடுத்து அதை அழைத்தார். வந்தது. இரட்டைக் குழலால் சுட்டார். அதன் உதைப்பில் பாறையிலிருந்து சரிந்து, கீழே பதுங்கியிருந்த தம் ஆட்கள் மேலேயே விழுந்தார்! அப்போது அவருக்கு வயது 63.

கேமராவும் கையுமாக

வயது ஏற ஏற, புலியைச் சுடுவதை விடப் படம் பிடிப்பதில் அவருக்கு ஆசை வளர்ந்தது. காட்டிலாகா அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப் படங்களைப் பார்த்தவர் அவர். சினிமாக் கேமராவைத் தூக்கிக் கொண்டு அலைந்தார். ஆட்கொல்லியைத் தவிர வேறு புலியைத் தொடாதீர்கள் என்று எங்கும் சொல்லி வந்தார். 1936 இல் ராம்கங்கை நதிக்கரையில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஏற்பட்டது. அதற்கு அவரும் உழைத்தார். 1944 இல் வெளிவந்த குமாவூன் ஆட்கொல்லிகள் என்ற புத்தகம் உலகமெல்லாம் விற்றது.

அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. தமக்கை மாகிதான் துணை. 1947 இல் இருவரும் கென்யாவில் நியேரி என்ற ஊருக்குப் போனார்கள். சோட்டி ஹல்துவானியில் இருந்த நிலங்களைக் குடியானவர்களுக்கே விட்டு விட்டார். அதற்கான வரியையும் தாமே கட்டினார்.

1952 பிப்ரவரி. நியேரி பக்கத்தில் மரத்தின் மேல் கட்டிய ஒரு விடுதிக்கு இங்கிலாந்து இளவரசி எலிசபெத் வந்தார். காட்டு மிருகங்களைக் காட்டி விளக்கச் சொல்லிக் கார்பெட்டை அழைத்திருந்தார்கள். அன்று இரவு லண்டனுக்கு அப்பால் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார். இளவரசியாக மரத்தில் ஏறியவர் ராணியாக இறங்கினார்.

1955 ஏப்ரல் 19 ந்தேதி மாரடைப்பால் கார்பெட் காலமானார். நியேரி கோவில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ராம்கங்கைப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1972 இல் வந்த வன உயிர்ச் சட்டத்தால் நம் நாட்டில் வேட்டை முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது அந்தப் பூங்காவில்தான்.

வெள்ளித் தகடு பதித்த 275 துப்பாக்கி, அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் பல வருடம் இருந்தது. பிறகு அதைச் செய்த ரிக்பி கம்பெனியே வாங்கிக் கொண்டது. காலாதுங்கி வீடு இப்போது பொருட்காட்சி சாலை. நைனிடால் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம்.