ஈரோட்டு நாகம்மையார்

தலைவர்களின் துணைவியர் சமுதாயத்துக்கு ஆற்றிய பணிகளை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அமெரிக்காவின் எலினார் ரூசுவெல்ட் அம்மையாரிடமிருந்தே தொடங்குவர். 1933 மார்ச்சுத் திங்களில் கணவர் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற இரண்டாம் நாளே, பெண் செய்தியாளர்களை மட்டும் அழைத்துக் கூட்டம் நடத்தியவர் அவர். அதே ஆண்டு மே 11ஆம் நாள் ஈரோட்டில் ஓர் அம்மையார் கண்மூடினார். அவரும் ஒரு தலைவரின் மனைவியே. கணவர் ஈரோடு நகராட்சித் தலைவராகவும், தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டித் தலைவராகவும், பின்னர் சுயமரியாதை இயக்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். ஆயினும் மாளிகையோ செய்தியாளர் கூட்டமோ அந்த அம்மையாருக்கு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தவை கள்ளுக்கடை வாயிலும், வைக்கம் வீதியும், ஓயாது புகைந்த அடுப்பங்கரையுமே.

நாகம்மையார் 1885இல் சேலம் மாவட்டத்துத் தாதம்பட்டியில் பிறந்தவர். தந்தையார் ரங்கசாமி நாயக்கர், தாயார் பொன்னுத்தாய். பள்ளிக் கல்வி பெற்றவரல்லர். ஈரோட்டுப் பெருவணிகர் வெங்கட்ட நாயக்கரின் இளைய மகன் இராமசாமி, உறவுப் பெண்ணான இவரையே மணப்பேன் என்று உறுதியாக நின்றார். செல்வ நிலையில் தாழ்ந்த குடும்பமென்று பெற்றோர் தயங்கினர், மகன் தளரவில்லை. 1898இல் திருமணம் நிகழ்ந்தபோது மணமகனுக்கு அகவை 19, மணமகளுக்கு 13. பிறந்த ஒரே பெண் மகவு ஐந்து திங்களில் மறைந்தது. அதன்பின் மகப்பேறு இல்லை.

மாமியார் சின்னத்தாயம்மாள் ஆசாரத்தில் ஊறியவர். கணவரோ ஆசாரத்தை எள்ளி நகையாடுபவர். இவ்விருவருக்கும் இடையே நின்று குடும்பம் நடத்திய இளம்பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தாலியைக் கழற்றச் செய்ததும், கோயிலுக்குச் சென்ற மனைவியைத் தோழர்களை ஏவி மருளச் செய்து கோயில் நாட்டத்தையே விடுவித்ததும் கணவரின் குறும்புகளாகப் பல வரலாற்று நூல்களில் நகைச்சுவையுடன் சொல்லப்படுகின்றன. படிப்போரும் நகைத்துவிட்டுப் போகின்றனர். கோயில் வாயிலில் அஞ்சி நின்ற அந்தப் பெண்ணின் நெஞ்சில் என்ன ஓடியது என்பதை எழுதியவர் ஒருவருமிலர். கணவரின் கொள்கை தம் கொள்கையாகக் கனிவதற்கு அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அக்கனிவு அச்சத்தால் வந்ததன்று என்பதற்கு 1921ஆம் ஆண்டே சான்று.

ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாகக் கள்ளுக்கடை மறியல் தொடங்கிய காலம் அது. இராமசாமி தம் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கதர் புகுந்த அவ்வீட்டில் பட்டு விடைபெற்றது. ஈரோட்டில் 144 தடையாணை பிறந்தது. அதை மீறியவர்கள் சிறை புகுந்தனர். ஆடவர் சிறை சென்றதும் மறியல் ஓய்ந்துவிடும் என்று அதிகாரிகள் கணக்கிட்டிருக்கக் கூடும். அக்கணக்கைப் பொய்யாக்கியவர்கள் நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும். பெரிய வீட்டுப் பெண்கள் பகல் வெளிச்சத்தில் தெருவில் இறங்கி நடப்பதே அக்காலத்தில் கேள்விப்படாத செயல். அவர்களோ கள்ளுக்கடை வாயிலிலேயே நின்றனர். ஊர்ப் பெண்கள் பின்தொடர்ந்தனர். இவர்களைக் கைது செய்தால் ஊரே திரண்டெழும் என்று அஞ்சி, அரசு தடையாணையை விலக்கிக் கொண்டது. மறியலை நிறுத்துமாறு வேண்டப்பட்டபோது, அந்த முடிவு தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரு பெண்களின் கையில் இருக்கிறது என்னும் பொருளில் காந்தியடிகள் விடையிறுத்தார் என்பது வரலாற்றாளர் தவறாது குறிக்கும் செய்தி.

பனைமரங்கள் வரப்புதோறும் அணிவகுக்கும் விழுப்புரம், திண்டிவனம் பகுதியினர்க்கு இம்மறியலின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கள்ளால் பிழைத்தவரும் கள்ளால் அழிந்தவரும் ஒரே தெருவில் வாழ்ந்த மண் இது. நாகம்மையார் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1937இல், அவர் பிறந்த சேலம் மாவட்டத்திலேயே மாகாணத்தின் முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1948 அக்டோபரில் அதை மாகாணம் முழுமைக்கும் விரித்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார். இவ்விருவரையும் ஒருசேர வைத்துப் பேசும் வழக்கம் இல்லை; பேசலாம். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. அதன்பின் நேர்ந்தவற்றுள் 2023 மே திங்களில் மரக்காணம் பகுதியில் நச்சுச் சாராயம் கொண்டுபோன உயிர்களையும், மறு ஆண்டு கள்ளக்குறிச்சியில் மாண்ட அறுபதுக்கு மேற்பட்டோரையும் இம்மாவட்டங்கள் மறந்திருக்க முடியாது. இரு முறையும் தலைவிரித்து அழுதவர்கள் பெண்களே.

1924இல் வைக்கம். மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது என்றிருந்த தடையை எதிர்த்துக் கேரளத் தலைவர்கள் மார்ச்சுத் திங்கள் இறுதியில் போராட்டம் தொடங்கினர். முன்னணியினர் சிறைப்படவே ஈரோட்டுக்கு அழைப்பு வந்தது. காங்கிரசுத் தலைவராயிருந்த இராமசாமி ஏப்ரலில் வைக்கம் சென்றார். முதலில் ஒரு திங்களும் பின்னர் நான்கு திங்களும் தண்டனை பெற்றார். கணவர் சிறையிருக்க மனைவி வீட்டிலிருந்து விளக்கேற்றி வேண்டுவதே நாட்டு வழக்கு. நாகம்மையார் வைக்கத்துக்கே புறப்பட்டுச் சென்றார். மே திங்களில் மகளிர் அணியினருடன் தடுக்கப்பட்ட எல்லையில் நின்றார். ஊர் ஊராகச் சென்று பெண்களிடையே ஆதரவு திரட்டினார். மொழி வேறு, நாடு வேறு, நீங்க வேண்டிய இழிவு தம் சாதிக்குரியதன்று, எனினும் சென்றார். சத்தியாக்கிரகத்தில் மகளிர் முன்வரிசையில் நிற்க முடியும் என்பதைத் தென்னாட்டில் ஐயமற நிறுவிய நிகழ்ச்சிகளுள் இது தலையாயது. 1925 நவம்பரில் கோயில் வீதிகளுள் மூன்று எல்லார்க்கும் திறந்தன. சென்னை மாகாணத்தில் எல்லாக் கோயிற் கதவுகளையும் சட்டத்தால் திறக்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ஓமந்தூரார் ஆட்சியில்.

1925 மே திங்களில் குடியரசு இதழ் தோன்றியது. அவ்வாண்டிறுதியில் கணவர் காங்கிரசை விட்டு விலகினார். அதுமுதல் ஈரோட்டு வீடு வீடாக இல்லை, இயக்கத்தின் சத்திரமாயிற்று. எந்நேரம் எத்தனை பேர் வருவர் என்பது எவர்க்கும் தெரியாது. வந்தவர் எச்சாதியினராயினும் ஒரே பந்தி. அப்பந்தியை நாளும் நடத்திக் காட்டியவர் நாகம்மையார். சமபந்தியைத் தீர்மானமாக எழுதுவது எளிது. வந்தவர்க்கெல்லாம் இலை போட்டு முகம் சுளியாமல் பரிமாறுவது வேறு. இயக்க வரலாற்றை எழுதியோர் தீர்மானங்களை விரிவாக எழுதினர். பந்தியை ஓரிரு வரிகளில் முடித்தனர்.

1929 பிப்ரவரியில், திண்டிவனத்துக்கு வடக்கே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களின் சொத்துரிமைக்கும் மறுமணத்துக்கும் தீர்மானம் இயற்றியது. புரோகிதரில்லாத் திருமணங்கள் பெருகின. அத்தகைய மணமேடைகளில் நாகம்மையாரின் வருகை தனி மதிப்புடையது. ஊரார் பேச்சுக்கு அஞ்சும் மணப்பெண்ணின் தாய்க்கு ஆடவரின் சொற்பொழிவு தராத துணிவை, அருகில் வந்தமரும் மூத்த சுமங்கலி ஒருவர் தருவார் அன்றோ! அம்மணங்களுக்குச் சட்ட ஏற்பு 1967இல் அண்ணா ஆட்சியில்தான் இயற்றப்பட்டது. 1931 டிசம்பரில் கணவர் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு வெளிநாட்டில் கழித்தபோது, இதழும் இயக்கமும் நிலைகுலையாது காத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

கணவர் திரும்பிய அரையாண்டில் நோயுற்று மறைந்தார், அகவை 48. சடங்குகள் ஏதும் நிகழவில்லை. அடுத்த நாளே இராமசாமி திருச்சி சென்று, தடையாணையை மீறி ஒரு கிறித்தவ மணவிழாவை நடத்திக் கைதானார். மனைவியின் பிரிவைக் குறித்து அவ்வாரக் குடியரசு இதழில் அவர் எழுதிய தலையங்கம் தமிழ் உரைநடையின் அரிய பக்கங்களுள் ஒன்று. மனைவி தமக்கு எவ்வளவோ பயன்பட்டதைக் கூறியபின், பெண் விடுதலை குறித்து ஊரார்க்குத் தாம் போதித்ததில் நூற்றில் ஒரு பங்கேனும் அவரிடம் நடந்து காட்டியதாகச் சொல்லிக் கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். தலைவர்கள் மனைவியரைப் புகழ்ந்து எழுதியவை பல. தம் குறையை இவ்வாறு அச்சில் ஏற்றியவர் அரியர். தாலிக் கதையையும் கோயிற் கதையையும் சொல்வோர் இத்தலையங்கத்தையும் உடன் சொல்வதே முறை.

பிற்காலத்தில் பெரியாரும் மணியம்மையாரும் திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். அங்கே கைக்குழந்தைகளும் சேர்க்கப்பட்டு வளர்க்கப்பட்டனர். அதற்கு நாகம்மையார் குழந்தைகள் இல்லம் என்று பெயரிட்டனர்.