ஹசன் ஃபாத்தி: ஏசி இல்லாமல் வீட்டைக் குளிரவைத்தவர்... ஆனா மக்கள் ஏன் வரலை?

எகிப்தின் மத்தியதரைக் கடலோர நகரம் அலெக்சாண்ட்ரியா. அங்கே 1900-ல் பிறந்தவர் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. அப்போது அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்கள் கைகொடுத்தார்கள். சென்ட்ரிங் இல்லாமலே, சுடாத செங்கல்லில் வளைவுக் கூரை போடும் வித்தை அவர்களிடம் இருந்தது.

ஃபாத்தி வீடுகளின் உயிர், முற்றம். லாஜிக் சிம்பிள்தான். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்தில் இறங்கும், அறைகளுக்குள் பரவும். தடித்த மண்சுவரைத் தாண்டி வெயில் சூடு உள்ளே வர நேரமாகும். அதனால் பகலிலும் வெகுநேரம் குளுமை!

லக்ஸர் அருகே பழங்காலக் கல்லறைகள் மேல் குடியிருந்தவர்களை இடம் மாற்ற நினைத்தது அரசு. அவர்களுக்காக 1945-ல் 'நியூ குர்னா' கிராமத்தைக் கட்டத் தொடங்கினார் ஃபாத்தி. ஆனா பெரும்பாலானோர் வரலை. அவங்க பிழைப்பே அந்தக் கல்லறைகளை நம்பித்தான் இருந்தது. வேலை பாதியில் நின்றது.

இந்தக் கதையை அவரே புத்தகமாக எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் வெளியான அதன் பதிப்பு உலகக் கவனம் பெற்றது. 1980-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 1989-ல் மறைந்தார்.

வீடு குளுகுளுன்னு இருந்தா மட்டும் போதாது, பிழைப்பும் பக்கத்தில் இருக்கணும். நியூ குர்னா சொல்லும் பாடம் இதுதான்.