டாக்டர் கனவு கலைந்தது... நாவல் பிறந்தது! கிருபாபாயை உங்களுக்குத் தெரியுமா?

கப்பலூர் டோல்கேட்டில் பஸ் நிற்கிற நேரத்தில், மொபைலில் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தைத் தேடுகிறவரா நீங்க? அப்போ கிருபாபாய் சத்தியநாதனை அவசியம் தெரிஞ்சுக்கணும். 1887-88-லேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் தொடர்கதை எழுதியவர் அவர்.

விக்டோரியா காலத்து எழுத்தாளர் என்றதும் இங்கிலாந்தின் பிராண்டி சகோதரிகள்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. அதே மகாராணியின் ஆட்சியில், நம்ம பக்கத்திலும் ஒரு பெண் நாவல் எழுதியிருக்கார்!

1862-ல் மகாராஷ்டிராவின் அகமத்நகரில் பிறந்த கிருபாபாயின் கனவு, டாக்டர் ஆவது. இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை வாய்ப்பு வந்தது. உடம்பு தாங்காதுன்னு தடுத்துட்டாங்க. விடலையே! 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருஷம் பிரமாதமாகப் படித்தார். ஆனால், உடல்நலம் கெட்டு, படிப்பு அதோடு நின்றது.

சென்னையில் தங்கியிருந்த வீட்டின் மகன் சாமுவேல் சத்தியநாதனையே மணந்தார். மாமியார் அன்னா, பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். கணவரின் வேலைக்காக ஊட்டி போனபோது, அங்கே முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார் கிருபாபாய்.

படிக்கத் துடிக்கும் பெண்ணைப் பற்றிய 'சகுணா', கிட்டத்தட்ட அவர் கதைதான். அடுத்தது 'கமலா'. சின்ன வயதிலேயே கல்யாணமாகி, புகுந்த வீட்டில் தவிக்கும் பெண்ணின் கதை. கைக்குழந்தையைப் பறிகொடுத்த துக்கம், காசநோய்... இதற்கு நடுவில்தான் அதை எழுதி முடித்தார். 1894-ல் இறந்தபோது அவருக்கு வயது 32.

கதை அதோடு முடியலை. விக்டோரியா மகாராணியே 'சகுணா'வைப் படித்துவிட்டு, இவர் எழுதிய வேறு புத்தகம் இருக்கான்னு கேட்டாராம். 1896-ல் அது தமிழிலும் வந்தது. சாமுவேல் பிறகு மணந்த பெண்ணின் பெயரும், ஆச்சர்யமாக, கமலாதான்! அந்தக் கமலா சத்தியநாதன் 1901-ல் சென்னையில் பெண்களுக்காக ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். சரோஜினி நாயுடு அதில் எழுதினார். ரொக்கையா பேகத்தின் 'சுல்தானாவின் கனவு' 1905-ல் முதலில் வெளியானதும் அதில்தான்.

கிருபாபாயின் இரண்டு நாவல்களையும் 1998-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. அடுத்த பஸ் பயணத்துக்கு 'சகுணா'வைத் தேடிப் பாருங்களேன். ஆசைப்பட்ட படிப்பு பாதியில் நின்றுபோனவங்க உங்க வீட்டிலும் இருந்தால், அவங்ககிட்டயும் இந்தக் கதையைச் சொல்லுங்க.