டாக்டர் கால்மெத்

ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் சிசுக்களின் இடது புஜத்தில் சில வேளை சிறு கொப்புளம் ஒன்று காணப்படும். பாட்டிமார் அதைக் கண்டு கலங்கி, மஞ்சள் பூசலாமா என்று என்னிடமே கேட்பதுண்டு. ஒன்றும் பூச வேண்டாம். அது க்ஷயரோகத்துக்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். அம்மூன்று எழுத்துக்களில் நடுவெழுத்துக்குரியவரே அல்பேர் கால்மெத் என்னும் பிரெஞ்சு வைத்தியர்.

இவர் 1863-ம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். கடற்படை வைத்தியராகி, 1891-ல் சைகோனில் பஸ்தேர் ஆராய்ச்சிசாலையைத் தொடங்கினார். நாகம் தீண்டினவர்களைப் பிழைப்பிக்கும் விஷமுறி மருந்தைக் கண்டவர்களில் இவரும் ஒருவர். நம் வயல்காட்டு ஜனங்கள் இதற்காகவே இவரை நினைக்கலாம்.

1895-ல் லீல் நகருக்கு வந்தார். அது நூலாலைகள் நிறைந்த ஊர். தொழிலாளர் வீடுகளில் க்ஷயம் குடியிருந்தது. 1901-ல் அங்கே ஏழைகளுக்கென்று இலவச வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தொழிலாளி ஒருவரையே வீடுவீடாய் அனுப்பி விசாரிக்கச் செய்தார். தங்களில் ஒருவன் வந்து கேட்டால் ஏழைகள் கதவைத் திறப்பார்கள் அல்லவா? எச்சில் துப்பக் குப்பி கொடுத்தார்கள். நோயாளியின் துணிகளைத் தனியே வெளுத்துக் கொடுத்தார்கள். பசித்த வீட்டுக்கு உணவும் கொடுத்தார்கள்.

ஆயினும், நோய் வருமுன் தடுப்பதெப்படி? கெரேன் என்னும் மிருக வைத்தியரோடு சேர்ந்து, மாட்டு க்ஷயக் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் வளர்த்து, மூன்று வாரத்துக்கொரு முறை புதுக் கிழங்குக்கு மாற்றினார். 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள், 230 தடவை! இடையில் 1914-ல் ஜெர்மானியப் படை லீலைப் பிடித்தது. 1918-ல் அவருடைய மனைவியையே பிணையாளாகக் கொண்டுபோனார்கள். வேலை நிற்கவில்லை.

1921-ல் பாரீஸில் க்ஷயத்தால் ஒரு தாய் பிள்ளை பெற்று மரித்தாள். வளர்க்க இருந்த பாட்டிக்கும் அதே நோய். வீரியமடங்கிய அக்கிருமி மருந்தை முதன்முதல் அக்குழந்தைக்கே வாய்வழியாகக் கொடுத்தார்கள். குழந்தை நோயின்றி வளர்ந்தது. 1928-க்குள் பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்கள் அம்மருந்தைப் பெற்றார்கள்.

பிறகு வந்தது 1930. ஜெர்மனியில் லூபெக் நகரில் மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 250 சிசுக்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பழி முழுவதும் கால்மெத்தின் மேல் விழுந்தது. விசாரணையில், பாரீஸிலிருந்து சென்ற மருந்து குற்றமற்றதென்றும், லூபெக் ஆராய்ச்சிசாலையிலேயே கொடிய கிருமி அதில் கலந்துவிட்டதென்றும் தெரிந்தது. 1932-ல் அவ்வூர் வைத்தியர் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. பெற்ற வயிறுகளுக்கு இத்தீர்ப்பால் என்ன ஆறுதல்? கால்மெத்துக்கும் ஆறுதலில்லை. குற்றம் தம்முடையதல்ல என்று அறிந்தும் அத்துயரத்தைச் சுமந்தே 1933 அக்டோபர் 29-ல் காலமானார்.

நம் நாட்டில் 1948-ல் சென்னை கிண்டியில் இம்மருந்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1968-ல் நம் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே லட்சக்கணக்கானவர்களிடம் பெரும் பரீட்சை நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை இது தடுக்கவில்லை என்று 1979-ல் தெரியவந்தது. மறைப்பானேன்? ஆனால் பச்சைக் குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் கொடிய க்ஷயத்தினின்று இது காக்கிறது. ஆகையால்தான் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே, வீட்டுக்கு அனுப்புமுன், இவ்வூசியைப் போட்டுவிடுகிறார்கள்.