வாயில்லா ஜீவன்களின் வழக்கறிஞர்

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து மனுநீதிச் சோழனிடம் நீதி கேட்ட கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டு வளர்ந்தோம். அத்தகைய மணி இல்லாத ஊரில் ஒரு விலங்கு தன் துயரை யாரிடம் முறையிடும்? அதன் பொருட்டுத் தம் வாழ்நாளையே ஈந்த பெருமகனார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் தார்ன்டைக் ஏஞ்சல் என்பாரே அவர்.

1823-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சவுத்பிரிட்ஜ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். சமயபோதகரான தந்தையார், மகன் சிறு குழந்தையாய் இருக்கும்போதே மறைந்தார். தாயார் பள்ளி ஆசிரியை. 1846-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, பின் சட்டம் பயின்று, பாஸ்டனில் வழக்கறிஞராக நற்பெயர் ஈட்டினார். விலங்குகளின்பால் இரக்கம் வளர்க்கத் தம் செல்வத்தின் பெரும்பகுதி செலவிடப்பட வேண்டுமென்று 1864-லேயே உயில் எழுதி வைத்தார்.

ஆயினும் உயில் என்பது இறந்தபின் செய்யும் அறம். வாழும்போதே செய்யத் தூண்டியது 1868 பிப்ரவரியில் வெளிவந்த செய்தியொன்று. பந்தயத்திற்காக இரண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் இருவரைச் சுமந்த வண்டியை இழுத்துக்கொண்டு, கரடுமுரடான சாலையில் சுமார் 40 மைல் விரட்டப்பட்டன. இரண்டும் மாண்டன. ஏஞ்சல் உடனே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இக்கொடுமையைத் தடுக்கத் தம் பொருளும் உழைப்பும் தரச் சித்தமாயிருப்பதாகவும், உடன் வருவோர் வருக என்றும் அறிவித்தார். எமிலி ஆப்பிள்டன் என்னும் அம்மையார் முதலிய பலர் முன்வந்தனர். அவ்வாண்டே மாசசூசெட்ஸ் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது.

சட்டம் தண்டிக்கலாம், மனத்தைத் திருத்த எழுத்து வேண்டும் என்பதை அவ்வழக்கறிஞர் உணர்ந்திருந்தார். 1868 ஜூனில் ‘நம் வாயில்லாப் பிராணிகள்’ என்று பொருள்படும் பெயரில் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். முதல் இதழ் 2,00,000 படிகள் அச்சாயிற்று. பாஸ்டன் காவலர்களே அதனை வீடுதோறும் வழங்கினர். குதிரையின் தலையைத் தாழவிடாது இழுத்துக் கட்டும் வாரையும், அழகின் பெயரால் வாலைத் தறிக்கும் வழக்கத்தையும் அவ்விதழ் ஆண்டுக்கணக்கில் கண்டித்தது. 1882-இல் தாமஸ் டிம்மின்ஸ் என்னும் போதகருடன் சேர்ந்து சிறுவர்க்குக் கருணைக் குழுக்கள் அமைத்தார்.

1890-இல், ஆங்கில நாட்டு அன்னா சூவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்னும் குதிரைக் கதையை அச்சிட்டு, வண்டியோட்டிகளுக்கும் இலாயக்காரர்களுக்கும் எட்டச் செய்தார். உரியவரிடம் இசைவு பெறாது வெளியிட்ட பதிப்பு அது. அக்குறையை மறைத்தல் தகாது. ஆனால் அந்நூல் இலட்சக்கணக்கான கைகளுக்குச் சென்றதும் அதனாலேயே.

1909 மார்ச்சில் அவர் மறைந்தபோது, கடிவாளத்தில் கறுப்புப் பட்டுமலர் அணிந்த 38 உழைக்கும் குதிரைகள் இறுதி ஊர்வலத்தில் நடந்தன. அவர் பெயரால் 1915-இல் பாஸ்டனில் விலங்கு மருத்துவமனை எழுந்தது.

இரயில்வே அலுவலில் சேர்ந்த புதிதில், நிலைய வாயிலில் பாரம் தாங்காது வீழ்ந்த டோங்காக் குதிரையைச் சவுக்கால் அடித்து எழுப்பக் கண்டோம். பணிக்கு நேரமாயிற்றென்று நடந்துவிட்டோம். ஏஞ்சல் கண்ணால் கண்டவர் அல்லர், செய்தித்தாளில் படித்தவரே. அதைப் படித்தோர் ஆயிரம் பேர் இருந்திருப்பர். எழுதுகோலை எடுத்தவர் அவர். மணியில்லாத ஊரில் மணியை அசைக்க வேண்டியவர், பார்த்து நிற்பவரே. இதனை நம் சங்கத்துச் சிறுவர்க்கேனும் சொல்லி வைப்போமாக.