சாட்சியிடம் கேட்பதைப் பாடமாக்கிய ஹான்ஸ் கிராஸ்

குற்றம் நடந்த இடத்துக்குச் செல்லும் விசாரணை அதிகாரியின் பையில், எழுதுபொருள்களோடும் தடயம் சேகரிக்கும் கருவிகளோடும் மிட்டாயும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஹான்ஸ் கிராஸ். சாட்சி சொல்ல வரும் சிறுவர்கள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. குற்றப் புலனாய்வை ஓர் அறிவியல் துறையாக வளர்த்த முன்னோடிகளில் அவர் முதன்மையானவர்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1847 டிசம்பர் 26-ஆம் தேதி பிறந்த கிராஸ், சட்டம் பயின்று ஸ்டிரியா மாகாணத்தில் விசாரணை நடுவராகப் பணியாற்றினார். அந்நாட்டு முறைப்படி, சாட்சிகளையும் சந்தேகத்துக்குரியவர்களையும் விசாரித்துப் புலன்விசாரணையை வழிநடத்தும் பொறுப்பு நடுவருடையது. கல்லூரியில் கற்ற சட்டம் மட்டும் இப்பணிக்குப் போதாது என்பதை அனுபவத்தில் உணர்ந்த அவர், 1893-இல் நடுவர்களுக்கும் காவலர்களுக்குமான கையேட்டை வெளியிட்டார்.

1898-இல் வெளியான குற்ற உளவியல் நூலில், பொய் சொல்லும் எண்ணம் இல்லாத சாட்சியும் தவறாகச் சொல்லக்கூடும் என்பதை விளக்கினார். நினைவாற்றல், அச்சம், தொழில், மனநிலை ஆகியவை சாட்சி கண்டதை மாற்றிவிடும். விடையை உள்ளடக்கிய கேள்வி, விசாரிப்பவரின் கருத்தையே சாட்சியின் வாயிலிருந்து வரவழைக்கும். ஒப்புதல் வாக்குமூலத்தையும் பிற ஆதாரங்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அவரது போதனை.

செர்னோவிட்ஸ், பிராக், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களில் அவர் பேராசிரியராக இருந்தார். பிராகில் அவரது வகுப்புகளுக்கு வந்த சட்ட மாணவர்களுள் எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவும் ஒருவர்.

கிராஸின் கையேடு இந்தியாவுக்கும் வந்தது. சென்னையில் அரசு வழக்கறிஞர்களாக இருந்த ஜான் ஆடம், ஜே. கோலியர் ஆடம் ஆகியோர் அதனை இந்திய நடைமுறைக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1906-இல் சென்னையிலேயே அந்நூல் அச்சானது. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் ஏற்கெனவே விதித்திருந்தது. எனவே, தடயங்களையும் சாட்சிகளையும் முறையாகக் கையாளக் கற்பிக்கும் நூலுக்கு இங்கு தேவை இருந்தது.

முன்முடிவுடன் விசாரிக்கக் கூடாது எனப் போதித்த கிராஸ், தமது கையேட்டில் ரோமா நாடோடி மக்களைப் பற்றி முன்முடிவுகள் நிறைந்த அத்தியாயம் ஒன்றை எழுதினார். மனநல மருத்துவரும் போதைப்பழக்கத்துக்கு ஆளானவருமான அவருடைய ஒரே மகன் ஓட்டோ கிராஸ், தந்தையின் முயற்சியால் 1913 நவம்பரில் பெர்லினில் கைது செய்யப்பட்டு, மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். எழுத்தாளர்கள் இதனைக் கண்டித்தனர். மறு ஆண்டு ஓட்டோ விடுவிக்கப்பட்டார்.

1915 டிசம்பர் 9-ஆம் தேதி கிராட்ஸில் கிராஸ் காலமானார். சாட்சியை முதலில் இடைமறிக்காமல் பேசவிட்டு, பின்னரே கேள்விகளைத் தொடங்கும் முறை இன்று பல நாடுகளின் காவல் பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது.